லூயி வெய்ன் பூனைப் படங்களை வீட்டில் மாட்டியவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

ஹாரோ_தேன்மொழி

பூனைப் படங்களால் புகழ்பெற்று, கடைசிக் காலத்தில் மனநல மருத்துவமனையில் இருந்த ஆங்கிலேய ஓவியர் லூயி வெய்ன். மாடிப்படி ஓரமாக அவருடைய பூனைகளை வரிசையாக மாட்டியிருக்கிறோம். கீழே கோட்டுப் போட்டு டீ குடிக்கும் பூனைகள், நடுவில் கண்ணை உருட்டும் பூனைகள், மேலே உடம்பெல்லாம் வண்ணக் கோலமாகச் சிதறும் அந்தக் கலைடாஸ்கோப் பூனை. எல்லாம் நகல்தான். கலர் பொருத்தத்துக்காக வைத்த வரிசை, வேறு நோக்கம் எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்த ஒரு நண்பர் படியில் ஏறிக்கொண்டே, ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டு, வெய்னைப் பற்றி என் மகளிடம் சொன்னார்: "இங்க நல்லா இருந்தார். இங்க லேசா. இங்க முத்திப்போச்சு. இங்க முழுப் பைத்தியம்." கடைசிப் படம் அவள் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து ராத்திரி அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறாள். கழற்றவா என்றால் அதுவும் வேண்டாமாம், பூனை பாவமாம். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

காரைக்குடிப் பெண்

எங்கள் வீட்டில் குழந்தை பயப்படவில்லை, அம்மாதான். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒற்றைக் கண்ணாடி மாட்டிய பூனை சுருட்டுப் பிடிக்கும் படம். ஊரிலிருந்து வந்து இறங்கியவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. "காலையில எழுந்ததும் பூனை முகத்துலயா முழிக்கணும்? அதுவும் சுருட்டோட?"

மறுநாள் பார்த்தால் அதன் மேல் முருகன் காலண்டர் தொங்குகிறது. அம்மா இருந்த வரை தொட முடியவில்லை. அவர் ஃப்ளைட் ஏறிய அன்றைக்கு காலண்டரை எடுத்தேன், "முருகன் எங்கே?" என்று என் பையன் அழுதான். இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

தேன்மொழி, கழற்றாதீங்க. பழகிவிடும்.

பழைய அச்சு

முதலில் அந்த நண்பரைப் பற்றி. "படிப்படியாகப் பைத்தியம்" என்ற கதையே ஆதாரமில்லாதது. வால்டர் மக்லே என்ற மனநல மருத்துவர் 1939 வாக்கில் ஒரு பழைய சாமான் கடையில் சில பூனைப் படங்களை வாங்கி, நோய் முற்றும் வரிசை என்று தானே அடுக்கினார். படங்களில் தேதி கிடையாது. மருத்துவமனையில் இருந்த காலத்திலும் வெய்ன் சாதாரணப் பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். அவர் அப்பா துணி வியாபாரி. அந்தப் பூவேலைப் பூனைகளில் சுவர்த்தாளும் துணி டிசைனும் தெரிகிறதே தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. பாடப் புத்தகங்களே அந்த வரிசையை அச்சடித்துப் பரப்பின, நண்பரை மட்டும் என்ன சொல்வது.

இன்னொன்று, கோட்டும் தொப்பியும் ஆரம்பத்தில் கிடையாது. 1886 கிறிஸ்துமஸுக்கு 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை வெளியிட்ட படத்தில் 11 கட்டங்களில் 150 பூனைகள் விருந்து நடத்துகின்றன, சொற்பொழிவுகூட உண்டு. ஆனால் உடம்பில் துணியில்லை, நடப்பதும் நாலு காலில். இரண்டு காலில் எழுந்து நின்று சூட் போட்டதெல்லாம் அப்புறம்.

என் அனுபவம் சின்னது. அந்தக் காலத்துப் பத்திரிகைத் தாள் ஒன்றை வாங்கி வெயில் படும் சுவரில் ஒருவர் மாட்டியிருந்தார். சட்டத்தைத் திறந்தபோது ஓரம் முழுக்கக் காப்பிக் கறை நிறம், தொட்டால் பொடிந்தது. எனவே மாட்டப் போகிறவர்கள் கேளுங்கள். நேர் வெயில் கூடாது. குளியலறை கூடவே கூடாது. தாளுக்குப் பின்னால் அமிலமில்லாத அட்டை. கண்ணாடி தாளை உரசக் கூடாது, நடுவில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை விளிம்பு, வையுங்கள். செல்லோ டேப்பைத் தொடவே தொடாதீர்கள். கலரில் இருக்கும் 1880-களின் பத்திரிகைப் படம் என்றால் பெரும்பாலும் பின்னாளில் யாரோ கையால் பூசிய வண்ணம், அதற்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வெய்ன் 1939-ல் இறந்துவிட்டார், காப்புரிமைக் காலம் முடிந்தாயிற்று. நல்ல ஸ்கேன் கிடைத்தால் நீங்களே அச்சடித்து, அசலை அலமாரியில் வையுங்கள்.

ஹாரோ_தேன்மொழி

ஐயா, நான் படச் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் மக்லே விஷயம் உதவியது, மகளிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

டூட்டிங் தம்பி

நான் லண்டனில டூட்டிங்கில் இருக்கிறன். 1924-ல் வெய்னை ஏழைகள் வார்டில் சேர்த்த ஸ்பிரிங்ஃபீல்ட் மனநல ஆஸ்பத்திரி எங்கட பக்கம்தான். இங்க தோசை சாப்பிட வாற சனத்துக்கு அது தெரியாது. அடுத்த வருஷம் ஆரோ அவரை அங்க கண்டு பிடிச்சு, எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் எல்லாம் குரல் குடுத்து, பெத்லெம் எண்ட இன்னொரு மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்தினவை. ஊர் முழுக்கத் தெரிஞ்ச ஓவியர், படங்களின்ர உரிமையை ஒரேயடியா வித்து வித்து கையில காசில்லாமல் போனவர்.

பெக்கன்ஹாமில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியின்ர மியூசியத்துக்குப் போனன். கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு எண்டு அவர் பெத்லெமில இருக்கேக்க நிலைக்கண்ணாடியில் பூனை வரைஞ்சவர். குனிஞ்சு பார்த்தால் பூனைகளுக்கு நடுவில என்ர முகம். பின்னால நிண்ட மனிசி சொன்னா, "உங்களுக்குத்தான் மீசை குறைவு."

தேன்மொழி அக்கா, பைத்தியக் கதையை விடுங்கோ, பிள்ளைக்கு இந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியையே அலங்கரிச்சவர் எண்டால் பிள்ளை பயப்பிடாது.

குரோய்டன்_சேகர்

பழைய அச்சு சார், நீங்கள் தாளைப் பற்றி மட்டும் சொன்னீர்கள். கையெழுத்தைப் பற்றி யார் சொல்வது? வெய்ன் பெயரில் போலிகள் எக்கச்சக்கம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவரிடம் 'கையால் வரைந்த ஒரிஜினல்' வாங்கினேன். மூன்று பூனைகள் கோல்ஃப் ஆடுகின்றன, கீழே வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்து. வீட்டில் என் பையன் தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து, "அப்பா, பூனை மூஞ்சி பூரா குட்டிக் குட்டிப் புள்ளி" என்றான். அச்சுப் புள்ளிகள். கையெழுத்திலும் அதே புள்ளி!

மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். படம் சமையலறையில்தான் இருக்கிறது. மீன் பொரிக்கிற அடுப்புக்கு எதிரே. எண்ணெய் தெறித்தாலும் கவலையில்லை, துடைத்துக்கொள்ளலாம்.