ஒரே தட்டில் ராப்பும் கிட்டாரும்: ‘க்ரோம் சில்ட்ரன்’ தொகுப்புக்கு உள்ளிழை உண்டா?

வைகறை_வானொலி:

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டோன்ஸ் த்ரோ என்னும் அமெரிக்கச் சுயாதீன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) 2006 அக்டோபரில் வெளியிட்ட ‘க்ரோம் சில்ட்ரன்’ தொகுப்பை இரண்டு வாரங்களாகக் கேட்டுவருகிறேன். மேட்விலன் (தயாரிப்பாளர் மேட்லிப், ராப்பர் எம்.எஃப். டூம் ஆகியோரின் கூட்டணி), இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா ஆகியோரின் அவசரமில்லாத ஹிப் ஹாப்புக்காகத்தான் வாங்கினேன். ஆனால் இடையில் கௌஷிக் என்னும் கனடியக் கலைஞரின் பாடல் ஒன்று வருகிறது. மூடிய கதவுக்கு அப்பால் யாரோ தமக்குத் தாமே பாடிக்கொள்வதைப் போன்ற மெல்லிய குரலும், பழைய ஃபோக் தட்டிலிருந்து வந்தது போன்ற இழைவும், அவற்றுக்குக் கீழே கனத்த ட்ரம் ஓசையும் அதில் சேர்ந்திருக்கின்றன. பாடல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஏன் ராப் பாடல்களோடு இருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. இவற்றை இணைக்கும் இழை ஏதேனும் உண்டா, அல்லது கைவசம் இருந்ததையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்களா?

தட்டுச்சுழல்:

இழை உண்டு என்றே நான் கருதுகிறேன். அது பாடல்களின் வகையில் இல்லை, அவை செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது.

ஸ்டோன்ஸ் த்ரோவை 1996இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பீனட் பட்டர் உல்ஃப் அடிப்படையில் ஒரு டி.ஜே. தம்முடன் இணைந்து இசைத்துவந்த கரிஸ்மா என்னும் ராப்பர் 1993இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இருவரும் பதிவுசெய்து வைத்திருந்ததை வெளியிடும் எண்ணமும் அந்த லேபிளின் தொடக்கத்துக்கு ஒரு காரணம். பழைய தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் ஒருவருடைய அலமாரியில் சோல், ஜாஸ், சைகெடெலிக் ஃபோக் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். அந்த அலமாரியே இத்தொகுப்பின் வரைபடம் என்று சொல்லலாம்.

கௌஷிக் இந்தக் கூட்டத்துக்குள் வந்த வழியையும் பாருங்கள். அவருடைய முதல் வெளியீடு 2001இல் டெக்ஸ்ட் என்னும் சிறு லேபிளில் வந்தது. அதை நடத்துபவர் லண்டனைச் சேர்ந்த கீரன் ஹெப்டன், அதாவது ஃபோர் டெட் என்னும் பெயரில் இசையமைப்பவர். ஃபோக் ஓசையையும் மின்னணு இசையையும் கலந்து, ‘ஃபோக்ட்ரோனிகா’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிய இசைக்கு அவருடைய ‘பாஸ்’ (2001), ‘ரவுண்ட்ஸ்’ (2003) ஆகிய இரு ஆல்பங்களையும்தான் எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள். ‘பாஸ்’ தொடங்கும்போது கணினி விசைப்பலகையில் யாரோ தட்டச்சு செய்யும் ஓசை முதலில் கேட்கும். அதன் பிறகுதான் இசை மெல்லத் திரளும். இந்த ஹெப்டனே 2005இல் மேட்விலன் பாடல்களை ரீமிக்ஸ் செய்து, ஸ்டோன்ஸ் த்ரோ வழியாகவே ஒரு சிறு தட்டை வெளியிட்டார். அதே ஆண்டில் கௌஷிக்கும் மேட்விலன் பாடல்களைத் தம் பாணியில் மாற்றியமைத்தார். ஆகவே ‘க்ரோம் சில்ட்ரன்’ வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே இவர்கள் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: இங்கே ‘ஃபோக்’ என்பதை நாட்டுப்புற இசை என்று மொழிபெயர்த்தால் நமக்குப் பறையும் உருமியும் நினைவுக்கு வந்து குழப்பம்தான் மிஞ்சும். அகூஸ்டிக் கிட்டார், ஹார்ப், அடங்கிய குரல் ஆகியவை தரும் ஓசைநயத்தையே அச்சொல் இங்கே குறிக்கிறது.

அரைமாத்திரை:

மேலே சொல்லப்பட்ட வரலாற்றை ஏற்கிறேன். முடிவை முழுதாக ஏற்க முடியவில்லை. இத்தொகுப்பு அமெரிக்கத் தொலைக்காட்சியின் அடல்ட் ஸ்விம் என்னும், பெரியவர்களுக்கான இரவு நிகழ்ச்சிப் பிரிவுடன் கூட்டாக வெளிவந்தது. லேபிளின் பெயரைப் புதியவர்களிடம் கொண்டுசேர்ப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது, அந்த ஆண்டு டெக்ஸஸின் ஆஸ்டினில் நடந்த நிகழ்ச்சியின் டி.வி.டி.யையும் உடன் வைத்திருந்தார்கள். ஆகையால் சில இடங்களில் வரிசை தள்ளாடுவது உண்மைதான், அதைத் திட்டமிட்ட கலையமைதி என்று நாம் வலிந்து வாதாட வேண்டியதில்லை. இழையைத் தேடுகிறவர் முதலில் 2004இல் வந்த ‘மேட்விலனி’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, பிறகு ஃபோர் டெட்டின் ரீமிக்ஸ் தட்டைக் கேட்டால் போதும் என்பது என் கருத்து.

‘அவசரமில்லாத’ என்று நீங்கள் எழுதியதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்த நிதானம் பிறவியிலேயே வந்ததன்று. மேட்லிப் அந்த ஆல்பத்தின் பீட்டுகளில் பலவற்றைப் பிரேசிலின் ஒரு ஹோட்டல் அறையில், கைக்கடக்கமான இசைத்தட்டு இயக்கியையும் எஸ்.பி. 303 சாம்ப்ளரையும் (ஓசைத் துணுக்குகளைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி) வைத்துக்கொண்டு செய்தார். முடிவடையாத பதிவு இணையத்தில் கசிந்துவிட்டது. பிறகு எம்.எஃப். டூம் மீண்டும் பாட உட்கார்ந்தபோது, முன்பிருந்த துடிப்பைக் குறைத்து, குரலைத் தாழ்த்தி, பேச்சுக்கு அருகில் கொண்டுவந்தார். நாம் இன்று ரசிக்கும் அந்தச் சோம்பல் கலந்த குரல் இரண்டாம் முறை பாடியதில் கிடைத்தது. கசியவிட்டவருக்கு நன்றி சொல்வதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

தட்டுச்சுழல்:

வரிசை தள்ளாடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டில்லாவின் பாடலையும் கௌஷிக்கின் பாடலையும் அடுத்தடுத்து வைத்து, ட்ரம்மை மட்டும் கவனித்துப் பாருங்கள். டில்லா தம் எம்.பி.சி. 3000 என்னும் தாளக் கருவியில், அடிகளைச் சம இடைவெளிக் கட்டத்துக்குள் தானாக நேராக்கும் வசதியை அணைத்துவிட்டு வாசித்ததால்தான் தாளம் அப்படித் தளர்ந்து ஒலிக்கிறது. கௌஷிக்கின் ட்ரம்மிலும் அதே தளர்ச்சி இருக்கிறது.

ஓசைக்கணக்கு:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இடத்தில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. டில்லா அந்த வசதியை அணைத்துவிட்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை; அது பாதி உண்மை மட்டுமே. கருவியிலேயே குறிப்பிட்ட அடியை மட்டும் நூலிழை அளவுக்கு முன்னாலோ பின்னாலோ நகர்த்தும் வசதி இருந்தது. அவர் அதைக் கணக்காகப் பயன்படுத்தினார். ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் ட்ரம்) இம்மியளவு முந்தி விழுந்தால், அடுத்து வரும் கிக் (காலால் அடிக்கும் கனத்த ட்ரம்) தாமதமாக வருவது போன்ற உணர்வு நமக்கு ஏற்படும். ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தாளத்தட்டு இரண்டுக்கும் நடுவில் தன் போக்கில் நடந்துகொண்டிருக்கும். குடித்தவர் நடை போலத் தோன்றினாலும் ஒவ்வொரு அடியும் வைத்த இடத்தில்தான் விழுகிறது. இதை நம் கர்நாடக இசையின் அதீத, அனாகத எடுப்போடு (தாளத் தொடக்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ பாடலை எடுப்பது) ஒப்பிடுபவர்களும் உண்டு. அது பொருந்தாது, ஏனெனில் எடுப்பு எண்ணிக்கைக்குள் அடங்கும், இது எண்ணிக்கைக்கு நடுவில் நழுவுவது. டில்லா 2006 பிப்ரவரியில், தம் 32ஆம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள் இறந்தார். அந்தக் கருவி இப்போது வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கௌஷிக்கின் ட்ரம்மில் உள்ள தளர்ச்சி வேறு வகை என்றே என் காதுக்குப் படுகிறது. அது அறுபதுகளின் தட்டுகளில் மனிதர் வாசித்தது போன்ற தளர்ச்சி. அதன் மேல் எதிரொலியைத் தாராளமாக ஊற்றியிருப்பதால் விளிம்புகள் கரைந்துவிடுகின்றன. டில்லாவின் விளிம்புகள் கூர்மையானவை.

வைகறை_வானொலி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு ஹெட்ஃபோனில் ட்ரம்மை மட்டும் பின்தொடர்ந்து இரு பாடல்களையும் மும்முறை கேட்டேன். விளிம்பு பற்றி ஓசைக்கணக்கு சொன்னது சரி. கௌஷிக்கின் பாடலில் ஸ்னேர் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை, டில்லாவிடம் அது கதவைச் சாத்தியதைப் போல நின்றுவிடுகிறது. அடுத்து ஃபோர் டெட்டின் ரீமிக்ஸ் தட்டைத் தேடப்போகிறேன்.