'மெட்டல் பாடி' லேப்டாப்: எந்த மெட்டல், எப்படிச் செய்தது, எங்கே செய்தது?

கணக்குப்பிள்ளை (திருப்பூர்):
என் லேப்டாப்பின் இடப்பக்கக் கீல் மூலை பிளந்துவிட்டது. திரையைத் திறந்தால் அடிப்பக்கம் வாயைப் பிளக்கிறது. வாங்கும்போது 'மெட்டல் பாடி' என்றுதான் போட்டிருந்தார்கள். சர்வீஸில் கேட்டால், "மூடி மட்டும்தான் சார் மெட்டல்" என்கிறார்கள். பாடியை மாற்ற ஒன்பதாயிரம் ஆகுமாம். கம்பெனி பெயர் வேண்டாம், சண்டைக்கு வரவில்லை. அடுத்தது வாங்கும் முன் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்தக் கூடுகளை இப்போது எப்படி, எங்கே செய்கிறார்கள்? யூனிபாடி, மெக்னீசியம், செராமிக் அலுமினியம் என்கிறார்களே, நிஜமாகவே வித்தியாசம் உண்டா?

நைட்ஷிப்ட்:
அவசரத்தில் சூப்பர் க்ளூ விட்டுவிடாதீர்கள். கீலுக்குள் வழிந்து இறுகினால் திரையே திறக்காது.

அச்சுப்பட்டறை (கோவை):
எங்களுடையது டை காஸ்டிங் பட்டறை, அதாவது உருக்கிய உலோகத்தை டை என்கிற இரும்பு அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது. பம்ப், மோட்டார் பாகங்கள்தான் பிழைப்பு. லேப்டாப் கூடு நான் வார்த்ததில்லை, ஆனால் செத்த லேப்டாப் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

சார், 'மெட்டலா' என்று கேட்பதில் பயனில்லை. தகடா, குடைந்ததா, வார்த்ததா என்று கேளுங்கள்.

உங்களுடையது அநேகமாகத் தகடு. அலுமினியத் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி வளைப்பது. மலிவு, வேகம். ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டில் ஸ்க்ரூ எங்கே பிடிக்கும்? அதனால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி, அதில் சிறு தூண்கள் விட்டு, தூணுக்குள் பித்தளை நட்டைச் சூடுபண்ணி இறக்குகிறார்கள். கீலின் திருகுவிசை முழுக்க அந்த நட்டின் மேல்தான். நாளாக ஆகக் கீல் இறுகும், தூண் பிய்யும். வெளியே பளபளவென்று அலுமினியம் இருந்து என்ன பிரயோஜனம்? ஜப்பானின் டைசெய் பிளாஸ் என்ற கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அலுமினியத்தை ரசாயனத்தில் முக்கிக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாக்கி, அதன் மேலேயே உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்ப்பது. பசை இல்லாமலே இரண்டும் கவ்விக்கொள்ளும். கைபேசிகளில் இது நிறைய வந்தது.

அடுத்தது குடைவது. ஆப்பிள் 2008 அக்டோபரில் காட்டிய யூனிபாடி இதுதான். கனமான அலுமினியப் பலகையை சிஎன்சியில் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) மில்லிங் செய்து, ஸ்க்ரூ துளை, விலா (விறைப்புக்கு விடும் மேடு) எல்லாவற்றையும் அதே உலோகத்தில் எடுப்பது. முறை புதிதல்ல, விமானப் பாகங்களை வெகுகாலமாக அப்படித்தான் செய்கிறார்கள். லட்சக்கணக்கில் விற்கும் சாமானுக்கு அதைச் செய்யத் துணிந்ததுதான் புதிது. அதற்கு ஆயிரக்கணக்கில் இயந்திரம் வேண்டும். ஃபூஜி மலையடிவாரத்தில் தலைமையகம் வைத்திருக்கும் ஃபானக்கின் ரோபோட்ரில் என்ற சிஎன்சி இயந்திரம் இந்தத் தொழிலாலேயே மலைமலையாக விற்றது. பலகையில் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும், அதை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். 2018 மேக்புக் ஏர் கூட்டை முழுக்க மறுசுழற்சி அலுமினியத்தில் செய்ததாக ஆப்பிள் சொன்னது.

மூன்றாவது வார்ப்பு, என் கட்சி. இதில் மெக்னீசியம்தான் ராஜா. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியக் கலவை 1.8 கிராம். முழுக்க உருக்கி டையில் செலுத்துவது பழைய வழி. தீக்சோமோல்டிங் என்று இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் டவ் கெமிக்கலில் பிறந்தது. அதற்கான இயந்திரத்தை ஹிரோஷிமாவில் ஜப்பான் ஸ்டீல் ஒர்க்ஸ் செய்கிறது. மெக்னீசியச் சீவலை ஆர்கான் வாயுவுக்குள் 600 டிகிரியை ஒட்டிச் சூடாக்கித் திருகுத்தண்டால் பிசைந்தால் அல்வாப் பதத்துக்கு வரும். அப்படியே அச்சுக்குள் அடித்துவிடலாம். சுவர் மெல்லிசாக வரும், காற்றுக்குமிழி குறையும், விலாவும் தூணும் ஒரே அடியில் வரும். தொல்லை பிறகுதான். மேற்பரப்பில் உலோகம் ஓடிய தடம் கோடாக விழும். தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். அந்தப் பெயின்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக்" என்று கடையில் தள்ளிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செராமிக் அலுமினியம் வெறும் பெயர் இல்லை. ஏசூஸ் 2024இல் சென்புக் லேப்டாப்பில் கொண்டுவந்தது. காரக் கரைசலில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் உலோகத்தின் மேல் குட்டிக் குட்டிப் பொறிகள் ஓடி, மேல்தோலே பீங்கான் போன்ற ஆக்சைடாக மாறும். எளிதில் கீறல் விழாது. ஆனால் அது தோல்தான். எலும்பு எது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓசூர்க்காரி:
அண்ணா, மெக்னீசியம் பற்றி எரியுமே? பள்ளி லேபில் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஸ்ரீபெரும்புதூரில் லேப்டாப் செய்கிறார்களே, கூடும் அங்கேயா?

அச்சுப்பட்டறை:
லேபில் எரிந்தது நாடா, தங்கச்சி. கட்டியாகவோ தகடாகவோ இருந்தால் வெப்பம் பரவிவிடும், சீக்கிரம் பற்றாது. ஆபத்து தூளில்தான். அலுமினியத் தூளும் அப்படியே. 2011 மே மாதம் சீனாவின் செங்டுவில் ஐபேட் கூட்டை மெருகேற்றும் இடத்தில் தூசி வெடித்து ஆட்கள் செத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஷாங்காயில் இன்னொரு கூட்டுத் தொழிற்சாலையில் வெடித்துப் பலருக்குக் காயம். தூசி உறிஞ்சும் குழாயை ஒழுங்காகப் போடாததன் விலை.

ஸ்ரீபெரும்புதூரில் பெரும்பாலும் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் அசெம்பிளி வேலை, கூடு வெளியிலிருந்து வருகிறது. ஓசூரில் டாடா செய்வது ஐபோன் கூடு. 2025இல் மத்திய அரசு அறிவித்த மின்னணு உதிரிபாகத் திட்டத்தில் கைபேசி, கணினிக் கூடுகளையும் சேர்த்திருக்கிறார்கள். அச்சு செய்யும் டூல்ரூம் ஆட்களுக்கு நல்ல காலம் வரலாம், பார்ப்போம்.

தைவான்வாசி:
சீனப் பக்கத்தை நான் சொல்கிறேன். கூடு என்பது பாதி காற்று. அதைத் தூரம் கொண்டுபோனால் லாரி வாடகைக்கே காசு போய்விடும். அதனால் அசெம்பிளி ஆலை எங்கே போனாலும் கூட்டுக்காரர்கள் பின்னாலேயே போவார்கள். முதலில் ஷாங்காய்க்குப் பக்கத்தில் சூச்சோ, குன்ஷான். பிறகு ஹெச்பி, ஏசர் எல்லாம் மேற்கே சோங்சிங் பக்கம் போனதும், பிளாஸ்டிக் கூட்டுக்குப் பேர்போன ஜூ டெங் கம்பெனி பக்கத்துச் சிச்சுவானில் நெய்ஜியாங்குக்குப் போனது. உலோகக் கூட்டில் பெரிய பெயர் கேட்சர் என்ற கம்பெனி. தலைமையகம் இங்கே தைனானில், ஆலைகள் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில். 2011 அக்டோபரில் அவர்களுடைய சூச்சோ ஆலையிலிருந்து நாற்றம் வருகிறது என்று ஊர்க்காரர்கள் புகார் செய்து, ஒரு பகுதியை மூட வைத்தார்கள். 2020இல் தைச்சோ ஆலைகளை 143 கோடி டாலருக்கு லென்ஸ் டெக்னாலஜி என்ற சீனக் கம்பெனிக்கு விற்றார்கள்.

எடைப் பைத்தியங்கள் ஜப்பானைப் பாருங்கள். என்இசி 2012இல் லாவி இசட் லேப்டாப்பின் அடிப்பக்கத்துக்கு மெக்னீசியம்-லித்தியம் கலவையைப் பயன்படுத்தியது. 13.3 அங்குலத் திரை, 875 கிராம். வையோ இசட் 2021இல் முழுக் கூட்டையும் கார்பன் இழையிலேயே வார்த்தது. விலையைக் கேட்டால் நம் கீல் பிளக்கும்.

கணக்குப்பிள்ளை:
நன்றி. ஆனால் கடையில் அடிமூடியைக் கழற்றிப் பார்க்க விடுவார்களா?

அச்சுப்பட்டறை:
விடமாட்டார்கள். மாடல் பெயர் போட்டு, பிரித்துக் காட்டும் வீடியோவைத் தேடுங்கள். கீலின் கால் இறங்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஸ்க்ரூ உலோகத்துக்குள் போகிறதா, சரி. கறுப்புப் பிளாஸ்டிக் தூணுக்குள் போகிறதா, அடுத்த மாடலுக்கு நகருங்கள். கடையில் கீபோர்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்துவதோடு, திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்தும் பாருங்கள். எதிர்மூலை பின்தங்கினால் மூடி வளைகிறது என்று அர்த்தம்.

பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பாடி மாற்றவும் வேண்டாம். கீலைக் கழற்றி அதன் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், திரை நிற்கிற அளவுக்கு மட்டும். பிறகு பிய்ந்த தூணின் அடியைச் சொரசொரப்பாக்கி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சிப் பசையில் பித்தளை நட்டோடு சேர்த்துப் பதியுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். கீலைத் தளர்த்தாமல் தூணை மட்டும் ஒட்டினால், திறந்த மாத்திரத்தில் மறுபடி பிய்யும்.