கடவம் என்றால் எந்தக் கூடை?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ‘ரெண்டு கடவம் சாணி’ என்கிறார்கள். கடவமும் கடகமும் ஒன்றா? அது அளவுப் பெயரா?

பதில் 1: ஒன்றுதான் தம்பி. யாழ்ப்பாணத்தில் கடகம், குமரி மாவட்டத்தில் கடவம். பனையோலையில் முடைந்த, வாய் அகன்ற பெரிய பெட்டி. நிலையான அளவு கிடையாது. ‘ரெண்டு கடவம்’ என்றால் ரெண்டு நடை சுமை, அவ்வளவே. சும்மாடு வைத்துத் தலையில் தூக்குவார்கள். அகராதியில் கடகத்துக்குக் கைவளை, நண்டு என்றும் பொருள் இருக்கும், குழம்ப வேண்டாம்.

பதில் 2: முடைவதையும் சொல்கிறேன். முற்றின ஓலையில் ஈர்க்கை நீக்கி, காயவைத்து, முடையும் முன் தண்ணீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். பச்சையாக முடைந்தால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும், நெல் ஒழுகும். பதம் போதாவிட்டால் மடிப்பில் வெடிக்கும். பாரம் தாங்க ரெட்டைப் பின்னல். விளிம்பில் பனைமட்டை நார் கட்டு. முதலில் போவது அந்த விளிம்புதான். நார் தளர்ந்த உடனே மாற்றிக் கட்டுங்கள், ஓலை பிரியவிடாதீர்கள். சாணி, மீன் சுமந்த கடவத்தைக் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள்; ஈரத்தோடு அடுக்கினால் அடிப்பக்கம் பூஞ்சை பூத்து இற்றுவிடும்.

கேட்டவர்: அப்போது வட்டி என்கிறார்களே, அது என்ன அண்ணாச்சி?

பதில் 1: அதுவும் கூடைதான், மலையாளத்தில் இன்றும் புழக்கம். புறநானூறு 33இல் வேடன் மான்கறி கொண்டுவருவது வட்டியில்தான். எவ்வளவு பழைய சொல், பாருங்கள்!