லாப்ரடார் குட்டியின் பேப்பரில் உள்ள சாம்பியன் பட்டங்களுக்கு 27,000 ரூபாய் கூடுதலாகத் தரலாமா?

நிலாவின் அம்மா, ஈரோடு

எங்கள் வீட்டில் ஆறு வயது மகள், கைத்தடி ஊன்றி நடக்கும் மாமியார், நாங்கள் இருவர். லாப்ரடார் குட்டி வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எங்கே வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டு கட்சியாக நிற்கிறது.

கோவையில் ஒருவர் 45,000 ரூபாய் கேட்கிறார். குட்டிகளைக் காட்டும் முன்பே வம்சாவளித் தாளைத்தான் மேசைமேல் விரித்தார். மூன்று தலைமுறை, 14 பெயர்கள். ஐந்து இடங்களில் பெயருக்கு முன்னால் சிவப்பு மையில் எழுத்துகள். குட்டியின் அப்பாவுக்கு 'ஜூனியர் சிஎச்'. அப்பா வழித் தாத்தாவுக்கு 'இண்ட் சிஎச்'. அந்தத் தாத்தாவின் அப்பாவுக்கும் 'இண்ட் சிஎச்'. அம்மாவின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா வழித் தாத்தாவும் அதே சாம்பியன் நாய்தான். "இரண்டு பக்கமும் சாம்பியன் ரத்தம், இப்படி ஒரு பேப்பர் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது" என்றார். தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது வேறு தோட்டத்தில் இருக்கிறதாம்.

பெருந்துறைப் பக்கம் ஒரு குடும்பத்தார் 18,000 ரூபாய் சொல்கிறார்கள். அங்கும் கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) பதிவு இருக்கிறது, தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் இருக்கிறது. ஆனால் 14 பெயர்களில் ஒன்றுக்கும் பட்டம் இல்லை. "ஒரு முறைதான் வாங்கப் போகிறோம், நல்லதாகவே வாங்குவோம்" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த எழுத்துகளுக்கு என்னதான் பொருள்? குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுக்கு அவை எதைச் சொல்கின்றன?

பொன்மலைக்காரர், திருச்சி

அம்மா, நீங்கள் எழுதியதை ஒரு நோட்டுத் தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா வழித் தாத்தாவும் அம்மா வழித் தாத்தாவும் ஒரே நாய் என்றால், அந்தத் தாத்தாவைப் பெற்ற நாய்களும் இரண்டு பக்கமும் வந்தாக வேண்டும். ஆகச் சிவப்பு மை ஐந்து இடத்தில் இருந்தாலும் பட்டம் பெற்ற நாய்கள் மூன்றே. 14 கட்டங்களில் இருப்பவை 11 நாய்கள்தான்.

குட்டியின் அப்பாவும் அம்மாவும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. நம் ஊரில் தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிக்கொடுத்தால் பிறக்கும் பிள்ளைக்கு எவ்வளவு ரத்த நெருக்கமோ, கணக்குப்படி இங்கும் அதே 12.5 சதவீதம். விற்பவர்கள் இதை 'லைன் பிரீடிங்' என்பார்கள். நல்ல தலை, நல்ல உடற்கட்டு நிலைத்து நிற்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே செய்வதும் உண்டு. ஆனால் தாத்தாவின் உடம்பில் வெளியே தெரியாத குறை ஏதாவது இருந்தால், அதுவும் இரண்டு வழியாக இறங்கி ஒரே குட்டியில் வந்து சேரும். அப்படி இணை சேர்த்தவர் பெற்ற நாய்களின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயும் மரபணுச் சோதனையும் கையில் வைத்திருக்க வேண்டும். அதைக் கேளுங்கள்.

இனி எழுத்துகள். 'சிஎச்' என்றால் சாம்பியன். அதற்கு முன்னால் வரும் சொல்லில் கண்ணை வையுங்கள். இந்தியன் சாம்பியனா, இன்டர்நேஷனல் சாம்பியனா? சுருக்கி எழுதும்போது ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். இந்தியன் என்றால் நம் நாட்டுக் கென்னல் கிளப்பின் கண்காட்சிகளில் வென்று பெற்றது. இன்டர்நேஷனல் என்றால் ஒரே நாட்டில் வென்றால் போதாது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நடுவர்கள் கையால் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஜூனியர் சாம்பியன் என்பது இளம் நாய்களுக்கான பிரிவு. பல நாடுகளில் அந்த வகுப்பு 9 முதல் 18 மாதம் வரை. அந்த வயதில் நாய் இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை. அமெரிக்காவில் எக்ஸ்ரே பார்த்து இடுப்பு மூட்டுக்கு இறுதித் தரம் தருவதே 24 மாதம் நிறைந்த பிறகுதான். அப்பா நாய்க்கு இருக்கும் ஒரே பட்டம் இந்த ஜூனியர் பட்டம் என்பதை மனத்தில் வையுங்கள்.

பிரிட்டனில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. லாப்ரடார் அங்கே வேட்டையில் சுட்ட பறவையை எடுத்து வரும் வகையில் சேர்ந்தது. மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சாலஞ்ச் சான்றிதழ் வென்றால் அது 'ஷோ சாம்பியன்'. களத்திலும் வேலையைச் செய்து காட்டித் தேறினால்தான் முழு 'சாம்பியன்'. அழகுக்கு ஒரு பெயர், அழகோடு வேலையும் சேர்ந்தால் வேறு பெயர். அமெரிக்கப் பேப்பர்களில் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் பாருங்கள். கீழ்ப்படிதல் தேர்வுகளின் பட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் வரும். 'சிஜிசி' (கேனைன் குட் சிட்டிசன், நாயின் நன்னடத்தைத் தேர்வு) என்று இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. அது பத்துச் சோதனைகள் கொண்டது. அந்நியர் வந்து தடவும்போது அமைதியாக இருப்பது, கூட்டத்துக்குள் இழுக்காமல் நடப்பது, கூப்பிட்டால் வருவது, வேறு நாயைக் கண்டு பாயாமல் இருப்பது எல்லாம் அதில் உண்டு. உங்கள் மாமியாருக்குப் பயன்படும் பட்டம் அதுதான்.

ஊட்டியில் மே மாதம் நடக்கும் கண்காட்சிக்குப் பல ஆண்டுகள் போயிருக்கிறேன். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தால் நடுவர் செய்வது முழுவதும் தெரியும். வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பார். தோள், விலா, தொடை என்று கையை ஓட்டுவார். வாலின் பருமனைப் பார்ப்பார். நேராக ஓடவிட்டு, வளைத்து ஓடவிட்டுப் பார்ப்பார். ஒரு நாய்க்குச் சில நிமிடங்கள். லாப்ரடார் லாப்ரடார்போல இருக்கிறதா என்பதற்கு அவர் சொல்லும் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வளையத்துக்குள் குக்கர் விசில் அடிப்பதில்லை. சோற்றுத் தட்டுக்குள் குழந்தை கைவிடுவதில்லை. தீபாவளி வெடி வெடிப்பதில்லை. இடுப்பு எலும்பை எவரும் படம் எடுப்பதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2006இல் ஒரு மஞ்சள் லாப்ரடார் வாங்கினேன். தாத்தா வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பியன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மற்ற எதையும் கேட்காமல் பணத்தைக் கொடுத்தேன். மணி என்று பெயர் வைத்தோம். காலையில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் பறப்பான். ஒன்பதாம் மாதத்தில், எழுந்திருக்க முன்னங்கால்களை ஊன்றிப் பின்பாதியை இழுத்துத் தூக்க ஆரம்பித்தான். மாடிப்படியில் பின்னங்கால் இரண்டையும் முயல்போலச் சேர்த்து வைத்து ஏறினான். அதைக் குறும்பு என்று நினைத்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தோம். மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை, கிண்ணத்தில் பந்து உட்கார்வதுபோல இடுப்புக் குழியில் உட்கார வேண்டும். மணியின் படத்தில் அந்தக் கிண்ணம் தட்டுபோல ஆழமில்லாமல் இருந்தது. பந்து பாதிக்கு மேல் வெளியே நின்றது. "பெற்றவற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா?" என்று அவர் கேட்டபோதுதான் அப்படி ஒன்று கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது. அறுவை சிகிச்சை, மாத்திரை, எடைக் கட்டுப்பாடு என்று பதினோரு வயது வரை வைத்திருந்தோம். கடைசி மூன்று வருடம் இடுப்புக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கித்தான் வெளியே நடத்தினேன்.

ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பேப்பரை இடமிருந்து படியுங்கள். முதல் இரண்டு பெயர்கள் அப்பாவும் அம்மாவும். குட்டிக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் பாதி. தாத்தாவின் அப்பாவிடமிருந்து ஒரு வழியில் சராசரியாக எட்டில் ஒரு பங்குதான் வரும். பெற்ற இரண்டின் இடுப்பு, முழங்கை மூட்டு எக்ஸ்ரேக்களைக் கேளுங்கள். பிரிட்டன் முறையில் மதிப்பெண் என்றால் 0 முதல் 106 வரை. குறைய இருப்பதே நல்லது. ஐரோப்பிய முறை என்றால் ஏ முதல் ஈ வரை, ஏ நல்லது. பெற்றவை நன்றாக இருந்தும் குட்டிக்குக் குறை வருவது உண்டு. இதில் பல மரபணுக்களும் வளர்ப்பும் கலந்திருக்கின்றன. வழுவழுப்பான டைல்ஸ் தரையும் அதிக எடையும் வளரும் மூட்டுக்குக் கெடுதல். உங்கள் கூடத்தில் டைல்ஸ் என்றால் இப்போதே ஏதாவது விரிப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

தாய் நாயைப் பார்க்காமல் மட்டும் முன்பணம் கொடுக்காதீர்கள். குட்டியின் குணத்தில் பாதியைத் தாயின் அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம்.

ரிங்சைடு, சென்னை

ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நான் பன்னிரண்டு வருடமாக நாய்களைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன். நூற்றுக்கணக்கான நாய்களும் ஒலிபெருக்கியும் உள்ள மைதானத்தில், முன்பின் தெரியாத ஒருவர் வாய்க்குள் விரலை விடும்போது அசையாமல் நிற்கும் நாய்க்கு மனத்திடம் வேண்டும். நடுவரைக் கடிக்கப் பாய்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பட்டம் குணத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது என்பது சரியில்லை. தன் நாயை ஊர் ஊராகக் கொண்டுபோய் மற்றவர் கண்முன் நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் அதை நன்றாகவும் வைத்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் தாய் நாயைக் காட்டவில்லை என்பது எனக்கும் பிடிக்கவில்லை. என் வீட்டுக்குக் குட்டி கேட்டு வருபவர்களை முதலில் தாயிடம்தான் அழைத்துப் போவேன்.

பொன்மலைக்காரர், திருச்சி

நீங்கள் சொல்வது உண்மை, ஏற்றுக்கொள்கிறேன். வளையத்தில் நின்று பழகிய நாய்க்கு ஒரு நிதானம் உண்டு. அது பட்டம் வென்ற நாயையே குட்டிகளின் தாயாகவோ தகப்பனாகவோ வைத்துக்கொண்டு விற்பவருக்குப் பொருந்தும். இங்கே வென்றவை பெரும்பாலும் தாத்தாவும் அதற்கு அப்பாலும் என்பதால்தான் அழுத்திச் சொன்னேன்.

ஆறுமாத எக்ஸ்ரே, நாமக்கல்

கால்நடை மருத்துவன் என்ற முறையில் சுருக்கமாக. லாப்ரடாருக்கு இரண்டு மரபணுச் சோதனைகளாவது கேளுங்கள்: விழித்திரை மெல்ல மெல்லச் சிதைந்து பார்வை போகும் நோய்க்கு ஒன்று, ஓடி விளையாடும்போது பின்னங்கால் துவண்டு விழும் நோய்க்கு ஒன்று. இரண்டுமே பெற்ற இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டியைத் தாக்கும். பெற்றவற்றில் ஒன்றிடம் அந்த மரபணுக் குறை இல்லை என்றாலே குட்டிக்கு அந்த நோய் வராது. ஒரே தாத்தா இரண்டு பக்கமும் இருக்கும் ஈற்றில் இந்தச் சோதனை கட்டாயம்.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாதம் நிறைய வேண்டும், ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. தாயின் வயதையும் இது எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். மைக்ரோசிப் எண் 15 இலக்கம். கருவியால் படித்துப் பேப்பரில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பேப்பர் அந்த நாயுடையதே இல்லை.

நிலாவின் அம்மா, ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்துக்கும் மறுபடி பேசினோம்.

கோவைக்காரரிடம் எக்ஸ்ரே கேட்டேன். "சாம்பியன் வம்சத்துக்கு எதற்கு எக்ஸ்ரே?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். என் கணவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெருந்துறைக்கு நேரில் போனோம். தாய்க்கு நான்கு வயது, இது இரண்டாவது ஈற்று. நாங்கள் உள்ளே போனதும் வீட்டுக்காரரின் செருப்பு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி வந்து என் மாமியாரின் காலடியில் வைத்தது. அவருடைய கைத்தடியை ஒரு முறை முகர்ந்து பார்த்தது, பிறகு தள்ளிப் படுத்துக்கொண்டது. நிலா அதன் பக்கத்தில் உட்கார்ந்து குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள், ஏழு. தாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. தாயின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். படத்தை நாமக்கல் மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறேன். தகப்பன் நாய் கரூரில் இருக்கிறது, அதற்குப் படம் எடுக்கவில்லையாம். அதன் சொந்தக்காரரிடம் பேசி எடுக்கவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். செலவில் பாதியை நாங்கள் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் படம் வந்த பிறகுதான் முன்பணம். குட்டிகளுக்கு இப்போது ஐந்து வாரம்.

கூடத்தில் டைல்ஸ்தான், பொன்மலை ஐயா. என் மாமியார் தம் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமக்காளங்கள் இரண்டைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி வெயிலில் காயப்போட்டிருக்கிறார். அவை வழுக்காமல் இருக்க அடியில் என்ன போடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.