நுங்கம்பாக்கம் கம்பி வேலி ஓரம்: சென்னை ஓப்பனில் வீரர்கள் பின்னால் சுற்றிய அனுபவங்கள்

சூளைமேட்டுக்காரன்

சென்னை ஓப்பன் டென்னிஸ் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் நடால், வாவ்ரிங்கா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்தப் போட்டி என்றால் கார்லோஸ் மோயா. 2004-லும் 2005-லும் பட்டம் வென்றார். 2006-ல் இறுதிப் போட்டிவரை வந்து இவான் லுபிசிச்சிடம் தோற்றார். 1998-ல் பிரெஞ்சு ஓப்பன் வென்று, 1999-ல் உலகின் முதல் நிலை வீரராக இருந்த மனிதர், புது வருடம் பிறந்ததும் வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் வந்து பயிற்சி செய்கிறார் என்பதையே எங்களால் நம்ப முடியாது. வருஷா வருஷம் அவர் பின்னாலேயே சுற்றியவன் நான். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் இருந்திருப்பார். கீழே எழுதுங்கள். பட்டம் வென்றவராக இருக்க வேண்டும் என்றில்லை, தகுதிச் சுற்றோடு ஊர் திரும்பியவராக இருந்தாலும் சரி.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1995-ல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது கட்டிய நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் இது. 1997-லிருந்து 2017 வரை ஏடிபி எனும் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கத்தின் போட்டி இங்கேதான் நடந்தது. நடுவில் பெரிய கோர்ட், வெளியே பக்கக் கோர்ட்டுகள். பெரிய கோர்ட்டிலேயே ஆறாயிரம் பேருக்கு இடம் கிடையாது. அந்தச் சிறிய அளவுதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். வீரர் எங்கே இருந்தாலும் நாலு நிமிஷத்தில் அங்கே போய் நின்றுவிடலாம்.

நான் மேட்சுக்கு டிக்கெட் வாங்கினாலும் காலையிலேயே போய்விடுவேன், பிராக்டிஸ் பார்க்க. டிவியில் பந்து எப்போதும் உயரத்திலிருந்துதான் தெரியும். கோர்ட் தட்டையாக இருக்கும், பந்து வலையை எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது என்பதே புரியாது. கம்பி வேலிக்குப் பக்கத்தில், தரை மட்டத்தில் நின்று மோயாவின் ஃபோர்ஹேண்டை, அதாவது வலப்பக்க அடியைப் பார்த்தால் வேறு கதை. பந்து வலைக்கு மேலே நல்ல உயரத்தில் போகும், வெளியேதான் விழப்போகிறது என்று நினைப்போம், கடைசி நொடியில் சட்டென்று இறங்கிக் கோட்டுக்குள் விழுந்து எதிராளியின் தோள் உயரத்துக்கு எகிறும். பேக்ஹேண்ட் பக்கம், அதாவது இடப்பக்கம் வரும் பந்தைக்கூடச் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டால்தான் அடிப்பார். அதற்கு எத்தனை சின்னச் சின்ன அடி எடுத்து வைக்கிறார் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். முதல் சில நிமிஷம் சர்வீஸ் கோட்டருகே நின்று மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பார். அவசரமே இருக்காது. அப்புறம் படிப்படியாகப் பின்னால் போவார்.

ஜனவரி நமக்குக் குளிர்காலம். அவர்களுக்கு அப்படியில்லை. புழுக்கத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கைப்பிடி நழுவும். ஒருநாள் அவர் பெஞ்சில் உட்கார்ந்து ராக்கெட்டில் கிரிப் மாற்றுவதை முழுசாகப் பார்த்தேன். ஊறிப்போன பழைய டேப்பை உரித்துக் காலடியில் போட்டார். புதியதைக் கைப்பிடியின் அடியில் வைத்து, ராக்கெட்டை மடியில் உருட்டிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் இழுத்துப் பிடித்து மேலே கொண்டுவந்தார். முடித்ததும் பிடித்துப் பார்த்தார். பிடிக்கவில்லைபோல, பாதிவரை பிரித்து மறுபடி சுற்றினார். அன்று அவருக்கு மேட்ச்சே இல்லை, வெறும் பிராக்டிஸ். முதல் நிலை வீரராக இருந்தவர் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

2005-ஐச் சொல்லாமல் விட முடியாது. சுனாமி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மெரினா இங்கிருந்து எவ்வளவு தூரம்? யாருக்கும் விளையாட்டு பார்க்கும் மனநிலையே இல்லை, ஆனாலும் போனோம். இறுதிப் போட்டியில் எதிரே தாய்லாந்தின் பரடோர்ன் ஸ்ரீசபான். அவர் நாட்டுக் கடற்கரையும் அதே அலையில் அழிந்திருந்தது. முந்தைய வருடமும் இதே இருவர்தான் இறுதியில் மோதினார்கள். அந்தத் தடவை போலவே இந்தத் தடவையும் மூன்றாவது செட் 6-6 என்று சமமாகி, டை-பிரேக் எனும் முடிவாட்டம் வரை போய் மோயா ஜெயித்தார். ஜெயித்த பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார். நம் ஊர் துக்கத்தில் இருந்தபோது வந்து விளையாடி, ஜெயித்ததை இங்கேயே விட்டுப் போனவர் அவர். அதற்குப் பிறகு நான் வேறு யாருக்காகக் கைதட்டுவது?

2008 அரையிறுதியை நேரில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். மோயாவும் நடாலும் ஸ்பெயினில் ஒரே மயோர்க்காத் தீவுக்காரர்கள். பத்து வயது வித்தியாசம், மோயாவோடு பயிற்சி செய்து வளர்ந்த பையன்தான் நடால். 6-7, 7-6, 7-6 என்று நடால் ஜெயித்தார். மூன்றே செட், நாலு மணி நேரத்துக்கு ஆறு நிமிஷம்தான் குறைவு! இரண்டாவது செட்டில் மோயா மேட்ச் பாயின்ட்வரை, அதாவது இன்னும் ஒரே பாயின்ட் எடுத்தால் வெற்றி என்ற நிலைவரை போனார். ஒவ்வொரு தடவையும் நடால் பிழைத்துக்கொண்டார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் முதல் செட்வரை நடாலுக்குக் கத்திக்கொண்டிருந்தவர், மூன்றாவது செட்டில் யாருக்கும் கத்தவில்லை, இரண்டு பேர் அடிக்கும் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

முன்னாள் பால் பாய்

அண்ணா, 2009-ல் நான் பால் பாயாக இருந்தேன். பின்னால் சுற்றுவது என்றால் எங்களைவிட யார் சுற்றியிருப்பார்கள்!

ஆனால் பக்கத்தில் இருந்தும் நாங்கள் ஆட்டம் பார்ப்பதில்லை. எங்களுக்குப் பந்து, டவல், அம்பயர். வலைக்குப் பக்கத்தில் இருப்பவன் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும், பாயின்ட் முடிந்ததும் பாய வேண்டும். பின்கோட்டில் நிற்பவன் கையைத் தூக்கி எத்தனை பந்து இருக்கிறது என்று காட்ட வேண்டும். பந்தை உருட்டுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: துள்ளாமல், கோர்ட் ஓரமாக, அடுத்தவன் கைக்கு நேராகப் போக வேண்டும். முதல் ஏழு கேம் முடிந்ததும் புதுப் பந்து, அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒரு தடவை. சர்வ் போடுபவர் மூன்று நாலு பந்து வாங்கி, ரோமம் அதிகம் எழும்பாததைத் தேடி எடுத்துக்கொண்டு மிச்சத்தை நம் பக்கம் தட்டிவிடுவார். மெல்லிசாக இருக்கிற பந்து காற்றில் வேகமாகப் போகும், அதனால் அது முதல் சர்வுக்கு.

அந்த வருஷம் இரண்டாவது சுற்றில் மோயாவும் சோம்தேவ் தேவ்வர்மனும் மோதினார்கள். சோம்தேவ் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் இரண்டு தடவை சாம்பியன் ஆனவர், சென்னையில் வளர்ந்தவர், வைல்டு கார்டு எனும் சிறப்பு அழைப்பில் உள்ளே வந்திருந்தார். கூட்டம் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்ததை நான் கோர்ட்டுக்குள் நின்று கேட்டேன். நம்ம பையன் பாயின்ட் எடுத்தால் ஒரே ஆர்ப்பாட்டம், மோயா எடுத்தாலும் அதே ஆர்ப்பாட்டம்! கடைசியில் சோம்தேவ் ஜெயித்தார். தோற்ற பிறகு மோயா எங்கள் பக்கம் வந்தார். டவலை எறியவில்லை, என் கையில் கொடுத்துவிட்டுத் தலையை அசைத்தார். ஜெயித்துவிட்டு டவலை முகத்துக்கு நேரே விட்டெறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பேர் வேண்டாம்.

சோம்தேவ் அப்படியே இவோ கார்லோவிச்சையும் தோற்கடித்து இறுதிவரை போனார். கார்லோவிச் ஆறடி பதினோரு அங்குலம். அவர் சர்வ் போடும் பக்கத்துக்கு எதிரே பின்கோட்டில் நின்ற எங்களில் யாருக்கும் பந்து கண்ணில் படவே இல்லை. பின்னால் கட்டிய திரையில் பந்து அடிக்கும் சத்தம்தான் கேட்கும், திரும்பி ஓடிப்போய் எடுக்க வேண்டும். இறுதியில் மாரின் சிலிச் ஜெயித்துவிட்டார், அதில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

பேஸ்லைன் பிரியை

நான் ரொம்பத் தாமதமாக வந்த ரசிகை. அப்பா கூட்டிக்கொண்டு போனார், 2017-ல். அதுதான் கடைசி வருஷம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பெரிய பேர்களைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் பக்கக் கோர்ட்டில் ஒல்லியாக, நெட்டையாக ஒரு ரஷ்யப் பையன் அடித்துக்கொண்டிருந்தான். பார்க்க அழகாகவே இல்லை. கையும் காலும் ஒரு பக்கம் போகும், பந்து மட்டும் கோட்டோரம் தாழ்வாகப் போய் விழும். "இவன் பேக்ஹேண்டில் ஒரு தப்புகூட வரலியே, கவனிச்சியா?" என்றார் அப்பா. அவருக்கு ரமேஷ் கிருஷ்ணன் காலத்திலிருந்தே டென்னிஸ் தெரியும். 1989-ல் ஆஸ்திரேலிய ஓப்பனில் உலகின் முதல் நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை ரமேஷ் தோற்கடித்ததை இன்றுவரை சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதற்காக மீதி வாரம் அந்தப் பையன் எந்தக் கோர்ட்டில் விளையாடுகிறான் என்று பார்த்துப் பார்த்துப் போனோம். அவன் இறுதிவரை வந்தான், பவுடிஸ்டா அகுட்டிடம் தோற்றான். ஏடிபி போட்டியில் அவனுக்கு அதுதான் முதல் இறுதி.

டேனில் மெத்வதேவ். 2021-ல் ஜோகோவிச்சை நேர் செட்டில் தோற்கடித்து அமெரிக்க ஓப்பன் வாங்கியபோது அப்பா என்னை எழுப்பிவிட்டுத்தான் தூங்கப் போனார்.

2018-லேயே ஆண்கள் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அதைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். 2022 செப்டம்பரில் பெண்கள் போட்டி வந்தபோது நானும் அப்பாவும் முதல் ஆளாகப் போனோம். பதினேழு வயதில் லிண்டா ஃப்ருவிர்டோவா பட்டம் வாங்கியதைப் பார்த்தோம். அப்பா அவளையும் முதல் சுற்றிலிருந்தே கவனிக்கச் சொல்லியிருந்தார்.

கிளேட்டன் தமிழன்

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். மோயா பேரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுப் படித்தேன், ஏனென்றால் நானும் நுங்கம்பாக்கத்தில் அவரைப் பார்த்து வளர்ந்தவன்தான்.

இங்கே ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு கிரவுண்ட் பாஸ் எடுத்தால் பெரிய அரங்கத்துக்குள் விட மாட்டார்கள். ஆனால் பக்கக் கோர்ட்டும் பிராக்டிஸ் கோர்ட்டும் நம்முடையவை. யார் எத்தனை மணிக்கு எந்தக் கோர்ட்டில் பயிற்சி என்பதை ஆப்பிலேயே போடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் நமக்குத் தெரிவது எல்லோருக்கும் தெரியும். நடால் ஆடிய காலத்தில் அவர் பிராக்டிஸ் என்றால் முக்கால் மணி நேரம் முன்னாலேயே இடம் பிடிக்க வேண்டியிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும்.

2019-ல் அப்படி நின்றேன். நடால் அந்த வருஷம் சர்வ் போடும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நூறு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, நான் அவருக்குப் பின்னால் கைகட்டி நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பி போட்ட மோயா. 2016 டிசம்பரிலிருந்து அவர் நடாலின் பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்தார். சும்மா நின்றுகொண்டே இருந்தார். பத்து சர்வுக்கு ஒரு தடவை பக்கத்தில் போய் இரண்டு வார்த்தை, கையால் தோள் பக்கம் ஒரு சைகை. மறுபடி பின்னால் போய் நின்றுகொள்வார். நடால் தலையாட்டிவிட்டு அதையே செய்வார். அந்தத் தடவை இறுதிவரை ஒரு செட்கூட விடாமல் போனார் நடால். இறுதியில் ஜோகோவிச்சிடம் விழுந்தது வேறு விஷயம்.

பயிற்சி முடிந்து கூட்டம் நடாலை நோக்கிப் பாய்ந்தபோது நான் வேலியின் அந்தப் பக்கம் போய், "கார்லோஸ், சென்னை!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஆட்டோகிராப் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சூளைமேட்டுக்காரன்

கிளேட்டன் நண்பரே, அந்தச் சைகையை எழுதினீர்களே, அதற்கு நன்றி. நுங்கம்பாக்கத்தில் மோயா தன் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் நான், இப்போது சொல்லிக்கொடுத்து நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டேன்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், முதல் தடவை போகிறோம், எப்படிப் பின்தொடர்வது என்று. முந்தின நாள் இரவு அடுத்த நாள் ஆட்ட அட்டவணை வரும், அதைப் பார்த்து ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். நாலு பேரைத் துரத்தினால் நாலு பேரையும் பாதிதான் பார்ப்பீர்கள். அவர் டபுள்ஸும் ஆடினால் அதைத் தவற விடாதீர்கள், கூட்டம் குறைவு, பேசிக்கொள்வதுகூடக் காதில் விழும். 2004-ல் இங்கே டொமி ரொப்ரெடோவோடு டபுள்ஸ் பட்டம் வாங்கிய பதினேழு வயது நடாலை அப்படித்தான் பக்கத்தில் பார்க்க முடிந்தது. கையெழுத்து கேட்பதாக இருந்தால் பிராக்டிஸ் முடிந்து பையை மூடிய பிறகு கேளுங்கள், மேட்சுக்குப் போகும்போது வேண்டாம், தோற்று வரும்போது வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், தொப்பி கட்டாயம்.

பால் பாய் தம்பி, ஒரு கேள்வி. 2008-ல் நீங்கள் இல்லை, தெரியும். ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்த பசங்களிடம் கேட்டிருப்பீர்களே, அந்த அரையிறுதிக்கு மறுநாள் இறுதியில் ரஷ்யாவின் யூஷ்னியிடம் நடால் 6-0, 6-1 என்று தோற்றாரே, அன்று அவர் நிலைமை என்ன?

முன்னாள் பால் பாய்

கேட்டிருக்கிறேன் அண்ணா. காலே வரவில்லையாம். ஓடித் தொடக்கூடிய பந்தைக்கூடப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆனால் பாட்டில் இரண்டையும் எப்போதும் வைக்கிற மாதிரியே வரிசையாக வைத்தாராம், டவலைக் கேட்டு வாங்கியதும் அதே முறையில்தானாம். எங்கள் சீனியர் ஒருவர் அன்று அந்தப் பக்கம் நின்றார், இந்தப் பகுதிக்கு வரச் சொல்கிறேன், அவரே எழுதட்டும்.