நேரில் பார்த்து நிலக்காட்சி வரைதல்: எதை விடுவது, எதை வைப்பது?

பச்சைத்தாள்:
கவாஷ் (தண்ணீரில் கரைத்துப் பூசும், அடி தெரியாமல் மறைக்கும் வண்ணம்) பழகிக்கொண்டிருக்கிறேன். போட்டோ பார்த்து வரைந்தால் ஓரளவு வருகிறது. வெளியில் உட்கார்ந்தால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். எளிமையாகப் போட நினைத்த மரம் இலை இலையாகப் போய்விடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் நிழல் நகர்ந்து, படத்தின் இடப்பக்கம் ஒரு வெயில், வலப்பக்கம் வேறு வெயில். அங்கே பளிச்சென்று இருந்த படம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டு கிடக்கிறது. ஏ4 தாள், 2, 4ஆம் எண் ரவுண்ட் பிரஷ், 12 கலர். எதை முதலில் திருத்துவது?

கரித்துண்டு:
தாளையும் பிரஷையும். ஏ4 தாளை 2ஆம் எண் பிரஷால் நிரப்பப் போனால் சின்னச் சின்ன கோடுதான் விழும். தாளை ஏ6 ஆக்குங்கள், அதாவது ஏ4-ஐ இரண்டு முறை மடித்த அளவு. 12 மி.மீ. ஃபிளாட் பிரஷ் ஒன்று போதும். ரவுண்டை கடைசிப் பத்து நிமிடம் வரை வெளியே எடுக்காதீர்கள்.

அட்டையில் 5×7 செ.மீ. ஜன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இமைகள் ஏறக்குறைய ஒட்டும் அளவுக்குக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். இலை மறையும், திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளைத்தான் வரைய வேண்டும். நோட்டில் அதே அளவு கட்டம் போட்டு, 6பி பென்சிலால் (மென்மையான, கறுப்பாக விழும் பென்சில்) மூன்றே டோன், அதாவது வெளிர்-அடர்த்தி அளவு: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், அடர்த்தி. ஐந்து நிமிடம்தான். மரத்தின் நிழல் பக்கமும் தரையில் விழுந்த நிழலும் ஒரே அடர்த்தியா? நடுவில் கோடு வேண்டாம், ஒரே வடிவமாக ஒட்டவிடுங்கள். மொத்தம் ஏழு வடிவத்தைத் தாண்டினால் இன்னும் இடுக்குங்கள். எளிமையாவது இந்தக் கட்டத்தில்தான். பெயின்ட் தொட்ட பிறகு குறைக்கப் பார்த்தால் நடக்காது.

டோன் குழம்பினால் ஒரு வழி: வெளிச்சம் மேலிருந்து வருவதால் பெரும்பாலும் வானம் மிக வெளிர், அடுத்து சமதரை, அடுத்து சரிவு, நிமிர்ந்து நிற்கும் மரம்தான் மிக அடர்த்தி. வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவர் மாதிரி விலக்குகள் உண்டு.

வெயில்கோணம்:
நிழல் விஷயம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். காலையிலும் மாலையிலும் நிழலின் நீளம் கண்ணெதிரே மாறும். அதனால் முதல் பத்து நிமிடத்தில் எல்லா நிழல் ஓரங்களையும் குறித்து, ஒரே கலரால் நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு நிழலுக்குக் காட்சியைப் பார்க்கவே கூடாது, பென்சில் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 45 நிமிடத்தில் முடியுங்கள். ஒரே மாதிரி மேகமூட்டமான நாளில் வெளிச்சம் நெடுநேரம் மாறாது, பழகுவதற்கு அந்த நாட்கள் அருமை.

வீட்டில் இருளுவதற்குக் காரணம், வெயில் தாளில் நேராக விழுவது. கண் கூசும், எந்தக் கலரும் வெளிறித் தெரியும், நீங்களும் அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். தாளும் பேலட்டும் (கலர் கலக்கும் தட்டு) இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் இருந்தால் கலவை இன்னும் மோசமாகும். குடை பிடித்தால் வெள்ளை அல்லது சாம்பல். சிவப்புக் குடை தாளையே சிவப்பாக்கும்.

போதாததற்கு, கவாஷில் வெளிர் கலர் காய்ந்தால் சற்று இருளும், அடர் கலர் காய்ந்தால் வெளிறும். தாளின் ஓரத்தில் ஒரு தீற்று போட்டுக் காயவிட்டுப் பார்த்த பிறகே பெரிய இடத்தில் வையுங்கள்.

ஈரத்தூரிகை:
12 கலரை ஐந்தாக்குங்கள்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், அல்ட்ராமரைன் நீலம், அலிசரின் சிவப்பு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). டியூப் பச்சையை அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் மாதிரி நிற்கும். நீலமும் மஞ்சளும் கலந்து, பிரஷ் முனையளவு பர்ன்ட் சியன்னா தொட்டால் பச்சை அடங்கும். தூரத்து மரங்களுக்கு நீலமும் வெள்ளையும் கூடட்டும், கிட்டத்து மரங்களுக்கு மஞ்சள் கூடட்டும்.

மரத்தைப் போடும் வரிசை: முழு மரத்தையும் நிழல் கலரால் பால் பதத்தில் ஒரே திட்டாக வைத்துக் காயவிடுங்கள். அதன் மேல் வெயில் படும் பக்கத்தை, தயிர் பதத்தில், நாலைந்து தீற்றுகளில் முடியுங்கள். மேல் பூச்சில் தண்ணீர் கூடினால் அடியில் காய்ந்த கலர் கரைந்து எழும்பிச் சேறாகும். நிறைய பேருக்குப் படம் கெடுவது இங்கேதான். கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்துக்கு இரண்டு மூன்று துளை, வானக் கலரைவிட ஒரு பங்கு இருட்டாக. வானக் கலரையே வைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி முன்னால் துருத்தும். இலையை ஓரத்தில் மூன்று இடத்தில் மட்டும் காட்டுங்கள், மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

பச்சைத்தாள்:
மிக்க நன்றி. நிழலுக்குக் கறுப்பு சேர்க்கலாமா?

ஈரத்தூரிகை:
தரை நிழலுக்கு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தாலே கறுப்புக்குப் பக்கத்தில் வரும். வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் நிழலில் நீலத்தைக் கூட்டுங்கள், மரத்தடியில் சியன்னாவை. புல்லின் நிழலுக்கு மட்டும் கறுப்போடு லெமன் மஞ்சள் கலந்து பாருங்கள், நல்ல மங்கிய பச்சை கிடைக்கும்.