மயூர் விஹார் பக்கம் நல்ல எலக்ட்ரீஷியன் தெரியுமா? குளிருக்கு முன் கீசரை மாற்ற வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் 1-இல் பழைய டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) ஃபிளாட் எங்களுடையது. இந்தக் குளிருக்கு அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வந்து தங்கப் போகிறார்கள். எங்கள் கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது, அதுதான் பெரிய கவலை. குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டுக் குளித்தால் காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் மயங்கி விழுந்துவிடலாம். நவம்பரில் வெளியே இருக்கும் புகைக்குப் பயந்து இடுக்கையெல்லாம் வேறு அடைத்துவிடுவோம்.

அதனால் தீபாவளிக்குள் மின்சார கீசருக்கு மாற முடிவு செய்திருக்கிறோம். 2000 வாட் கீசரே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது. தனி வயர், 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி எல்லாம் போட வேண்டும். வயரிங் பழசு என்பதால் முதலில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அவசரப்படாமல் பார்த்துச் செய்யும் எலக்ட்ரீஷியன் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். கூலி எவ்வளவு வாங்குகிறார்கள்?

அப்புறம், கேஸ் கீசரைப் பால்கனிக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஜனவரியில் குளியலறைக்குத் தண்ணீர் சூடாகவே வந்து சேருகிறதா?